கை தெரிந்தது, கத்தி தெரியவில்லை

"வலிக்கவே இல்ல சித்தி. ஆனா எல்லாந் தெரிஞ்சுது. வயித்துக்குள்ள கைய விட்டு இட்லிமாவ வழிக்குத மாதிரி வழிக்குதாங்க, இழுக்காங்க, அமுக்குதாங்க. மருந்து சரியா ஏறலையோன்னு பயந்தே போயிட்டேன்."

அண்ணன் மகள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு பிரசவ வார்டு. சிசேரியன் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிள்ளை பக்கத்தில் தூங்கியது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு இன்னும் அசைவு வரவில்லை. என் மனைவி வாய் திறப்பதற்குள், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த கல்லிடைக்குறிச்சி ஆச்சி முந்திக்கொண்டாள்: "முதுகுல ஊசி போட்டா அப்படித்தாம்ளா. இனி ஆயுசுக்கும் இடுப்புவலிதான். எங்களுக்கெல்லாம் ஊசியா போட்டாவ?"

ஆச்சியின் இடுப்புவலிக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். அண்ணன் மகளின் பயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டரின் கை தெரிந்திருக்கிறது, கத்தி தெரியவில்லை. ஒரே வயிறு, ஒரே தோல். இழுப்பதும் அமுக்குவதும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்றால் பாதை திறந்துதானே இருக்கிறது? திறந்த பாதையில் வலி மட்டும் எங்கே தங்கிப்போயிற்று?

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். இந்திய அளவில் அது 21, 22தான். இத்தனை சிசேரியன் தேவையா என்பது வேறு வழக்கு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே நடப்பவை. நம் தெருவில் பாதி வீடுகளில் இந்த அனுபவம் இருக்கிறது. அதைப் பற்றிய விளக்கம்தான் இல்லை.

முதலில் இரண்டு சொற்களைத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். 'நரம்பு ஊசி' என்றால் நம் ஊரில் ரத்தக்குழாயில் போடும் ஊசி. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவது நரம்பு, பிடித்துக்கொள்வது நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்து, மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று துணிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், அறுவை மருத்துவத்துக்கே 'இரண வைத்தியம்' என்று தமிழில் நூல் கொண்டுவந்தவர். இந்த நரம்புக் குழப்பம் அவர் மேசையிலும் கிடந்திருக்கும். இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் செய்தி கொண்டுபோகும் நரம்பு மட்டும். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, 'மயக்க ஊசி'. அண்ணன் மகள் மயங்கவில்லை. பிள்ளை அழுத முதல் குரலை அவள்தான் முதலில் கேட்டாள். அவளுக்குப் போட்டது மரக்கும் ஊசி. ஆனால் இந்த 'மரத்துப்போதல்' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு புதிர் இருக்கிறது. ஒரே சொல் நேரெதிரான இரண்டு காரியங்களுக்கு உழைக்கிறது.

இருட்டில் நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்ட கணத்தை நினைத்துப் பாருங்கள். இடித்தது உடனே தெரியும். அடுத்து 'சுரீர்'. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. 'அய்யோ, வரப்போகுதே' என்று நாமே காத்திருக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி. பிறகுதான் அந்தப் பழைய ஆசாமி வருவான்: 'விண்விண்' என்று தெறித்து, காந்தி, உளைந்து, உயிரை வாங்குபவன். அடி ஒன்று. செய்தி மட்டும் மூன்று தவணையில் வந்து சேர்கிறது.

காரணம், நரம்பு ஒற்றைக் கம்பி இல்லை. தேர்வடத்தைப் போல ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்கிய கற்றை. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் இழைகள் தடிமனானவை. நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடக்கூடியவை. 'சுரீர்' என்ற முதல் வலியையும் குளிர்ச்சியையும் கொண்டுபோகிறவை அவற்றைவிட மெலிந்தவை, வேகமும் குறைவு. காந்தலையும் உளைச்சலையும் சுமப்பவை எல்லாவற்றிலும் மெலிந்த இழைகள். நொடிக்கு ஒரு மீட்டர், போனால் இரண்டு மீட்டர். நாம் சாதாரணமாக நடக்கும் வேகம்தான். கால்விரலிலிருந்து முதுகு வரை சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி ஏன் வருகிறது என்று விரல்விட்டே சொல்லிவிடலாம். நம் மொழியில் வலிக்கு இத்தனை வினைச்சொற்கள் இருப்பதும் சும்மா இல்லை. குத்துகிறது, சுள்ளென்கிறது என்பவை ஒரு பக்கம். காந்துகிறது, கடுக்கிறது, உளைகிறது என்பவை இன்னொரு பக்கம். இழை வேறு, சொல்லும் வேறு.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் எர்லாங்கர், ஹெர்பர்ட் காசர் என்ற இருவர் 1920களில் ஒரு பெரிய தவளையின் கால் நரம்பை எடுத்து, ஒரு முனையில் மின் தூண்டல் கொடுத்து, மறுமுனையில் வந்து சேர்வதைத் திரையில் பார்த்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மிதிவண்டி, ஒரு மாட்டுவண்டி மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று வையுங்கள். ஆற்றுப்பாலத்தில் நின்று பார்த்தால் கூட்டமாகத்தான் தெரியும். திருநெல்வேலியில் போய் நின்றால் ஒவ்வொன்றாக வரும். தவளை நரம்பிலும் அப்படித்தான். தூரம் கூடக்கூட ஒரே அலை பல அலைகளாகப் பிரிந்தது. முதலில் வந்தது தடித்த இழைகளின் அலை. கடைசியில் தள்ளாடி வந்தது மெலிந்தவற்றின் அலை. இந்த வேலைக்காக இருவருக்கும் 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் நம் பிரசவ வார்டுக்கு வேண்டியது. 1929இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நரம்பை இரண்டு விதமாக மரக்கடித்தார்கள். ஒருமுறை இறுக்கி அழுத்தினார்கள். மறுமுறை கோகெயின் என்ற மருந்தைப் படவிட்டார்கள். அழுத்தியபோது முதலில் காணாமல் போனது மோட்டார் சைக்கிள். மாட்டுவண்டி கடைசிவரை வந்துகொண்டிருந்தது. கோகெயின் பட்டபோது மாட்டுவண்டி முதலில் நின்றது. மோட்டார் சைக்கிள் வெகுநேரம் தாக்குப்பிடித்தது.

கச்சேரியில் இரண்டு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகிறதே, அது முதல் வகை. அப்போது காலைத் தொட்டால் யாரோ அடுத்த வீட்டுக்காரரின் காலைத் தொட்டது மாதிரி இருக்கும். தரையில் ஊன்றுவதுகூடத் தெரியாது. ஆனால் கிள்ளினால், கொஞ்சம் தாமதித்து ஒரு காந்தல் வந்தே தீரும். தொடுவுணர்வு போய்விட்டது, வலி மிஞ்சியிருக்கிறது. மருந்தால் மரப்பது இரண்டாவது வகை. வலி போய்விடுகிறது, தொடுவுணர்வு மிஞ்சுகிறது. நமக்குப் பழக்கமானது முதல் மரப்பு மட்டும்தான். அதனால் 'மரத்துவிட்டது என்றால் ஒன்றுமே தெரியக் கூடாது' என்று எதிர்பார்த்துக்கொண்டு அறுவை அறைக்குள் போகிறோம். உள்ளே கை தெரிந்ததும் கலங்கிப்போகிறோம். அண்ணன் மகளுக்கு மருந்து சரியாகத்தான் ஏறியிருந்தது.

மருந்து இழைக்குள் அப்படி என்னதான் செய்கிறது? நதியுண்ணி, கன்னடியன் கால்வாய் ஓரங்களில் வளர்ந்தவர்களுக்கு மடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நரம்பிழையின் சுவரும் மடைகள் வைத்த கரைதான். ஒரே ஒரு வித்தியாசம்: வெள்ளம் இங்கே வெளியே நிற்கிறது. இழைக்கு வெளியே சோடியம் உப்பு நிறைய, உள்ளே குறைவு. ஒரு மடை திறந்தால் சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் மின் அதிர்வு அடுத்த மடையைத் தட்டித் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. திறந்த மடை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். ஆக, கால்விரலிலிருந்து முதுகுக்கு ஓடி வருவது தண்ணீர் அல்ல, திறப்பு. மரக்கும் மருந்துகள் எல்லாம், பல்லுக்குப் போடும் லிக்னோகெயினாகட்டும், முதுகுக்குப் போடும் புபிவகெயினாகட்டும், இந்தச் சோடிய மடையின் வாயில் போய் அடைத்துக்கொள்பவை. மடை திறக்காவிட்டால் திறப்பு அந்த இடத்தோடு நின்றுபோகும். அடித்த அடி அப்படியே இருக்கிறது. தகவல் மட்டும் வழியில் நின்றுவிடுகிறது.

அடைப்பது கரைக்கு வெளியேயிருந்தா, உள்ளேயிருந்தா? வேலை இல்லாதவன் கேட்கும் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பல்வலிக்காரர்களின் பெரிய புதிர் ஒன்று இதில்தான் அவிழ்கிறது. பல்லின் வேரில் சீழ் கோத்திருக்கும்போது ஊசி போட்டாலும் சரியாக மரக்காது. "எனக்கு ரெண்டு ஊசி போட்டும் கேக்கலை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இதற்குப் பதில் கிடைத்தது கடலிலிருந்து. தூத்துக்குடி மீன் சந்தையில் கிடைக்கும் ஊசிக்கணவாயின் இனத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்வாங்கி ஓட, அதற்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள ராட்சச நரம்பிழைகள் இருக்கின்றன. வெறும் கண்ணுக்கே தெரியும். பற்பசைக் குழாயைப் பிதுக்குவது போல உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய திரவத்தை உள்ளே ஓடவிடலாம். இழை அப்போதும் வேலை செய்யும். நரம்பின் மின்சார ரகசியத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கண்டுபிடித்ததே இதில்தான். இதே கணவாய் இழையில் ஜப்பானில் பிறந்த தோஷியோ நராஹாஷியின் குழு மரக்கும் மருந்துகளைச் சோதித்து 1970இல் முடிவை வெளியிட்டது. மின்னூட்டம் ஏறிய மருந்தை இழைக்கு வெளியே ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஓடவிட்டால் இழை அடங்கிவிட்டது. ஆக, அடைப்பு உள்ளேயிருந்து.

அப்படியானால் ஊசியில் வெளியே விடும் மருந்து உள்ளே எப்படிப் போகிறது? இந்த மூலக்கூறுக்கு இரண்டு வேஷம். மின்னூட்டம் இல்லாத வேஷத்தில் எண்ணெயில் கரையும். மின்னூட்டம் ஏறிய வேஷத்தில் தண்ணீரில் கரையும். நரம்பிழையின் கரை கொழுப்பால் ஆனது. எண்ணெய் வேஷத்தில் கரையைக் கடந்து, உள்ளே போனதும் வேஷத்தை மாற்றிக்கொண்டு மடையை அடைக்கிறது. சீழ் பிடித்த இடம் புளிப்பேறியது. அமிலத்தன்மை கூடிய இடம். அங்கே மருந்தின் பெரும்பகுதி வெளியிலேயே மின்னூட்டம் ஏறிவிடுகிறது. கரையைக் கடக்க முடியாமல் நிற்கிறது. பல் மருத்துவர் சீழ் உள்ள இடத்தை விட்டு, நரம்பு வரும் வழியில் தள்ளி ஊசி போடுவதும், சில சமயம் "மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வத்தட்டும், அப்புறம் எடுப்போம்" என்பதும் இதனால்தான்.

சரி, மெலிந்த இழை ஏன் முந்தி அடங்குகிறது? பாபநாசம் மலையேறும்போது மூங்கிலையும் வயல் வரப்பில் அறுகம்புல்லையும் பார்த்திருப்பீர்கள். மூங்கிலில் கணுவுக்குக் கணு தூரம் அதிகம், அறுகில் நெருக்கம். மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய நரம்பிழைகளுக்கும் கணுக்கள் உண்டு. மடைகள் கணுக்களில்தான் கூடிக் கிடக்கும். திறப்பு கணுவிலிருந்து கணுவுக்குத் தாவிச் செல்லும். ஒரு கணுவை அடைத்தால் திறப்பு தாண்டிக் குதித்துவிடும். வரிசையாக மூன்று கணுவாவது அடைபட வேண்டும். சில மில்லிமீட்டர் நீளத்துக்கு மருந்து பரவினால், அறுகு போன்ற மெலிந்த இழையில் அதற்குள் பல கணுக்கள் அகப்பட்டுக்கொள்ளும். மூங்கில் போன்றதில் ஒன்றிரண்டுதான் அகப்படும். இது பாடநூல் விளக்கம். முழு உண்மை இதைவிடச் சிக்கல் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உறையே இல்லாத, எல்லாவற்றிலும் மெலிந்த இழைகள் சில சோதனைகளில் பிடிவாதமாகத் தாக்குப்பிடித்தன. 'மெலிந்தது முதலில்' என்பது ஒரு நல்ல தோராயம், சட்டம் அல்ல.

இப்போது முதுகுக்கு வருவோம். நம்மூரில் பலர் நினைப்பது போல ஊசி தண்டுவடத்தில் இறங்குவதில்லை. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளின் முதல் இரண்டு எலும்பு உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீர் நிறைந்த பையும், அதில் மிதக்கும் நரம்பு வேர்களும்தான். உடற்கூற்று நூல்களில் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். மருத்துவர் இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் விரலால் தடவிப் பார்ப்பது, இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறோமா என்று உறுதி செய்துகொள்ள. ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். சிசேரியனுக்கு உள்ளே போகும் மருந்து சுமார் இரண்டு மில்லி.

அந்த இரண்டு மில்லியில் சர்க்கரை கலந்திருக்கிறது. இனிப்புக்கு அல்ல, கனத்துக்கு. பானகத்தில் கரையாத பாகு அடியில் தங்குவது போல, சர்க்கரை சேர்ந்த மருந்து முதுகுநீரில் தாழ்ந்த பக்கம் தேடிப் போகும். மேசையைத் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்தால் மருந்து மேலே ஏறும், நிமிர்த்தினால் நிற்கும். வயிற்றை அறுப்பது தொப்புளுக்குக் கீழேதான் என்றாலும் மரப்பு மார்பு வரை ஏற வேண்டியிருக்கிறது. வயிற்றுக்குள்ளே இருக்கும் உறுப்புகளின் நரம்புகள் அவ்வளவு மேலேயிருந்து புறப்படுபவை. மேசையின் சாய்வை வைத்து மருந்தை உடம்புக்குள் ஏற்றி இறக்கும் இந்த வித்தையை முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் நம்பிக்கை வரவில்லை.

மருந்து இறங்கியதும் முதலில் பாதம் கதகதப்பாகும். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் மெல்லிழைகள் கைவிட்டதற்கு அது அடையாளம். குழாய்கள் தளர்வதால் ரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்குக் குமட்டும். பக்கத்திலேயே மருந்து தயாராக வைத்திருப்பார்கள். அப்புறம் மயக்க மருத்துவர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வயிற்றில் வைத்து ஒரு கேள்வி கேட்பார். அண்ணன் மகளிடமும் கேட்டிருக்கிறார்: "சில்லுனு இருக்கா?"

"தொடுதது தெரியுது டாக்டர். சில்லுனு இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அறுக்கத் தொடங்கியதுதான் அவளுக்குப் புரியவில்லை. தொடுவது தெரிகிறது என்று சொன்ன பிறகும் அறுக்கிறார்களே! ஆனால் குளிர்ச்சியைச் சுமக்கும் இழைகளும் வலியைச் சுமக்கும் இழைகளும் மெலிவில் ஏறத்தாழ ஒரே சாதி. தண்டுவடத்திலும் ஒரே பாதையில் ஏறுபவை. குளிர் அடங்கினால் வலியும் அடங்கியிருக்கும். குத்திப் பார்க்காமலே வலியைச் சோதிக்கும் தந்திரம் அந்தப் பஞ்சு. தொடுவுணர்வோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். போதாததற்கு, வயிற்றின் உள்ளுறுப்புகளிலிருந்து தண்டுவடத்தைத் தொடாமலே கழுத்து வழியாக நேரே மூளைக்கு ஏறும் தனி நரம்பு ஒன்றும் உண்டு. முதுகு ஊசி அதை ஒன்றும் செய்யாது. மாவு வழிக்கிற அந்த உணர்வு இந்த இரண்டு வழிகளாலும் வந்திருக்க வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இழுப்பது வேறு, வலிப்பது வேறு. சில சமயம் மரப்பு போதாமலும் போகும், உண்மையிலேயே வலிக்கும். 'எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல' என்று பல்லைக் கடிப்பது தப்பு. "வலிக்குது" என்று உரக்கச் சொன்னால், வேறு மருந்து கொடுக்கவோ, முழுதாக மயக்கவோ மருத்துவரிடம் வழி இருக்கிறது. அந்த அறையில் துடிப்புக்கும் அழுத்தத்துக்கும் மூச்சுக்கும் கருவி உண்டு. வலியைக் காட்டும் கருவி படுத்திருப்பவளின் வாய் ஒன்றுதான். கேட்கிறவர்கள் அதை மீட்டரைப் போல மதித்துக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்த முதுகு ஊசியின் முதல் நாட்களில் ஒரு கூத்து நடந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் 1898 ஆகஸ்ட் 16 அன்று அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், காசநோய் தாக்கிய கணுக்காலோடு வந்த ஒரு தொழிலாளியின் முதுகில் கோகெயின் செலுத்தி வலியில்லாமல் அறுத்தார். ஆனால் இப்படி ஊசி போட்ட நோயாளிகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் அறிய, சில நாள் கழித்துத் தம் முதுகிலேயே போடச் சொன்னார். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியை இறக்கிவிட்டார்; மருந்துக்குழல் ஊசியோடு பொருந்தவில்லை. முதுகுநீர் ஒழுகிப் போனதுதான் மிச்சம். உடனே ஹில்டபிராண்ட் 'எனக்குப் போடுங்கள்' என்று குனிந்தார். அதற்குப் பிறகு பியர் செய்த சோதனைகளைப் படித்தால் சிரிப்பதா பதறுவதா என்று தெரியாது. தொடையில் எலும்பு வரை ஊசியால் குத்தினார். எரியும் சுருட்டால் சுட்டார். முன்னங்காலெலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். வலி இல்லை. பலமாகக் கிள்ளியது வெறும் அழுத்தமாக மட்டும் தெரிந்தது என்பது குறிப்பில் இருக்கிறது. நம் அண்ணன் மகள் சொன்னதைத்தான் ஹில்டபிராண்ட் 120 ஆண்டுகளுக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அன்று இரவு இருவரும் குடித்து, சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள். மறுநாள் ஹில்டபிராண்டின் கால் முழுக்கக் கன்றிப்போயிருந்தது; தலைவலி, வாந்தி வேறு. பியருக்கு எழுந்து நின்றால் தலை பிளந்தது; படுத்தால் மாயமாக நின்றது. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். நிற்கும்போது வலி, படுத்தால் இல்லை என்ற இந்த ஒரு துப்பை வைத்தே, ஊசி போட்ட துளை வழியாக முதுகுநீர் கசிவதுதான் காரணம் என்று ஊகித்தார். ஊகம் சரிதான். பானையில் ஓட்டை விழுந்தால் நீர்மட்டம் இறங்குமே, அப்படி. இன்று ஊசி மெலிந்துவிட்டது. முனையும் வெட்டுவதற்குப் பதிலாக இழைகளை விலக்கி நுழைகிற பென்சில் வடிவத்துக்கு வந்துவிட்டது. தலைவலி மிகவும் குறைந்துவிட்டது. 'தலையணை வைக்காதே, தலையைத் தூக்காதே' என்று ஒருநாள் முழுக்க மட்டமாகப் படுக்கவைப்பது தலைவலியைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனாலும் பல வார்டுகளில் அது ஒரு விரதம் போல நடந்துகொண்டிருக்கிறது. நிமிர்ந்தால் தலைவலி, படுத்தால் சரி என்று யாருக்காவது இருந்தால், அதை மட்டும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆச்சியின் இடுப்புவலிக்கு வருகிறேன். ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், அது உண்மை. ஆயுசுக்கும் என்பதுதான் கேள்வி. பிரசவ வலி குறைக்க முதுகில் குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையில் இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதுகு வழி மருந்து, மற்றவர்களுக்கு வேறு வழி. நெடுநாள் கழித்துக் கேட்டபோது இடுப்புவலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. கர்ப்பத்தில் மூட்டுகளைக் கட்டும் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றுப் பாரம் முன்னே இழுக்கிறது. பிறகு பிள்ளையைத் தூக்கிக் குனிந்து நிமிர்கிற வேலை. ஊசி நினைவில் நிற்கிறது, இவை நிற்பதில்லை.

நான் ஆச்சியிடம் கேட்டேன்: "உங்களுக்கு இடுப்புவலி உண்டா ஆச்சி?"

"இல்லாமலா? மூணு பிள்ள பெத்தவல்லா நானு!"

"ஊசி?"

"எனக்கு ஏது ஊசி?" என்றவள், ஒரு கணம் நின்று, என்னை முறைத்துவிட்டு வெற்றிலைப் பையைத் தேடத் தொடங்கினாள்.

அதற்குள் நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டுப் போனார். "வலியே இல்லையே, எதுக்கு இப்ப?" என்று அண்ணன் மகள் கேட்டாள். வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் பழக்கம். மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துவிட்டுப் பொறுமையை மெச்சிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் தண்டுவடம் வெறும் குழாய் இல்லை. 1983இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் காட்டியது இது: காயத்திலிருந்து வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவடமே கூர்மை தட்டிக்கொள்கிறது, அதன் பிறகு லேசான தொடுதலையும் அது வலியாக மேலே அனுப்பத் தொடங்குகிறது. அந்தக் கூர்மை ஏறிய பிறகு அதை இறக்க மருந்து அதிகம் வேண்டும். மரப்பு கலைவதற்கு முன்பே அடுத்த மருந்து உள்ளே இருந்தால் தண்டுவடத்துக்கு அந்தப் பாடம் கிடைப்பது குறையும். வலிக்கு வழக்கமாகத் தரும் பாராசிட்டமால் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகத்தான் சேர்கிறது. பிள்ளைக்கு ஆகாது என்று அதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மரப்பு கலைவது ஏறக்குறைய தலைகீழ் வரிசையில். தடித்த இழைகள் முதலில் விழிக்கும். ஏழு மணிக்கு அவளுடைய வலது கால் கட்டைவிரல் போர்வைக்குள் அசைந்தது. அவளே பார்த்துச் சிரித்துவிட்டாள். இதற்குள் நான் மடையும் கணவாயும் ஸ்பிரிட் பஞ்சுமாக அரைமணி நேரம் பேசித் தீர்த்திருந்தேன். ஆச்சி கேட்காதது போல வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். டம்ளர் தண்ணீரில் இரண்டு விரலை நனைத்து, அண்ணன் மகளின் உள்ளங்காலில் வைத்து, டாக்டர் கேட்ட மாதிரியே கேட்டாள்:

"சில்லுனு இருக்கா?"

"தொடுதது நல்லாத் தெரியுது ஆச்சி. சில்லுனு இன்னும் வரல."

"அப்ப வலி வர நேரம் கெடக்கு. செத்த நேரம் தூங்குளா" என்று போர்வையை இழுத்துவிட்டாள் ஆச்சி.